சொந்த நாணய வலை எழும்பவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பிட்காயின் வலையை ஓட்டும் பிட்காயின் கோர் மென்பொருளின் மூலநிரலை எடுத்து, பெயரை மாற்றி, ஜெனிசிஸ் என்ற முதல் பிளாக்கைப் புதிதாகச் செய்து, வீட்டுக் கணினியில் மைன் பண்ணி, அதாவது கணக்குப் போட்டு அடுத்த பிளாக்குகளைச் செய்து, பார்ப்பது இன்றைக்குப் பெரிய வேலை இல்லை. கஷ்டம் அதற்குப் பிறகுதான். கிண்ணியாவில் இருக்கிற ஒருவர் உங்கள் மென்பொருளை இறக்கி ஓட்டினால், உங்களுக்கு ஒரு கோல்கூட எடுக்காமல் அவர் வலைக்குள் வந்து சேர வேண்டும். கணக்கைப் பார்க்க எக்ஸ்புளோரர் வேண்டும், பரீட்சித்துப் பார்க்க நாலு காசு தரும் ஃபோசெட் வேண்டும். புதியவர் முதலில் தொடர்புகொள்ளும் சீட் நோட் (நோட் என்றால் இந்த மென்பொருளை ஓட்டும் கணினி), நோட்டுகளின் முகவரிகளைச் சொல்லும் டிஎன்எஸ் சீட், எக்ஸ்புளோரர், ஃபோசெட் ஆகிய இந்தப் பொது ஏற்பாடுகள்தான் அடிக்கடி உடைகின்றன. "செயின் பழுதாப் போச்சு அண்ணா" என்று திருகோணமலைப் பெடியள் கோல் எடுக்கும்போது பெரும்பாலும் செயின், அதாவது பிளாக்குகளின் சங்கிலி, நன்றாகத்தான் இருக்கும். வெளியாள் உள்ளே வரும் வழிதான் அடைபட்டிருக்கும்.

அதனால் கீழே வரும் சோதனைகளை, முடிந்தவரை உங்கள் பழைய நோட்டில் செய்யாதீர்கள். அதற்கு ஏற்கெனவே எல்லோரையும் தெரியும், பிழை இருந்தாலும் காட்டாது. புதிய தரவுக் கோப்புறை, வேறு இணைப்பு (போனின் ஹொட்ஸ்பொட் காணும்), அமைப்புகளை எழுதும் கொன்ஃபிக் கோப்பில் ஒன்றுமே எழுதாத வெறும் நோட். இதை வைத்துக்கொண்டு பாருங்கள்.

கட்டளைகளின் பெயரை அவற்றின் ஒலிப்படியே எழுதுகிறேன். தட்டும்போது சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டுங்கள்.

இன்னொன்று. படிப்பிக்கிறதுக்கு மட்டும்தான் வலை வேண்டும் என்றால் மூலநிரலைத் தொடவே வேண்டாம். பிட்காயின் கோருக்குள்ளேயே சிக்னெட் என்ற பரிசோதனை வலை ஒன்று இருக்கிறது. சிக்னெட்சேலஞ்ச் என்ற வரியில் உங்கள் பொதுத் திறப்பை வைத்து எழுதிய நிபந்தனையைக் கொடுத்தால் தனி வலை தயார். பிளாக்கில் கையெழுத்துப் போடும் உரிமை உங்களிடம் மட்டும் இருக்கும், வெளியாள் மைனிங் இயந்திரத்தைக் கொண்டுவந்து கூத்தாட முடியாது. கீழே சொல்லும் தொல்லைகளில் பாதி அங்கே கிடையாது. அதற்கும் மனம் கேட்காமல் தனி நாணயம்தான் வேண்டும் என்பவர்கள் தொடர்ந்து வாசியுங்கள்.

"நோட் ஓடுது, ஆனா ஒரு பியரும் இல்ல"

பியர் என்றால் உங்கள் நோட்டோடு இணைந்திருக்கும் மற்ற நோட். கெட்நெட்வொர்க்இன்ஃபோ கட்டளையைக் கொடுத்தால், உள்ளே வந்த இணைப்புகள் எத்தனை, வெளியே போன இணைப்புகள் எத்தனை என்று தனித்தனியாகக் காட்டும். எது சைபர் என்று முதலில் பாருங்கள். இரண்டும் வேறு வேறு வருத்தங்கள்.

வெளியே போவது சைபர் என்றால், புதிய நோட்டுக்கு யாரிடம் போவது என்று தெரியவில்லை. அது முதலில் கேட்பது டிஎன்எஸ் சீட்டிடம். பெயருக்குரிய முகவரியைத் தேடும் டிக் கட்டளையில் உங்கள் சீட்டின் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு முகவரியும் வரவில்லை என்றால் பிழை சீடர் நிரலில், அதாவது டிஎன்எஸ் சீட்டுக்குப் பின்னால் ஓடும் நிரலில். பலரும் பாவிப்பது பீட்டர் வுய்லே எழுதிய பிட்காயின் சீடரை. அதன் மூலநிரலில், நோட்டுகள் கதைக்கும் வாசலான போர்ட்டின் இலக்கத்தையும் வலை அடையாளத்தின் நான்கு பைட்டையும் மாற்ற எல்லோருக்கும் ஞாபகம் வரும். மறந்து போவது உயர வரம்பு (உயரம் என்றால் செயினில் உள்ள பிளாக் எண்ணிக்கை). பிட்காயினுக்காக எழுதியது என்பதால், 350000 பிளாக்குக்குக் கீழே நிற்கும் நோட் பின்தங்கிய நோட் என்று நினைத்து ஒதுக்கிவிடும். உங்கள் செயின் இப்போதுதான் மூவாயிரத்தில் நிற்கிறது என்றால், எல்லா நோட்டும் ஆரோக்கியமாக இருந்தும் சீடர் ஒன்றையும் வெளியே சொல்லாது. அந்த எண்ணை 1 ஆக்கி மறுபடி கொம்பைல் பண்ணுங்கள். இன்னொரு இடம் 53ஆம் போர்ட். உபுண்டுவில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சேவை அதே இலக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சீடரை இயந்திரத்தின் பொது முகவரியில் மட்டும் கேட்க வைத்தால் இரண்டும் சண்டை பிடிக்காது.

முகவரி வருகிறது, ஆனால் அது உங்கள் சேவையகத்தின் முகவரி இல்லை என்றால், பெயர்களைப் பராமரிக்கும் கிளவுட்ஃபிளேர் சேவையில் அந்தப் பெயருக்கு எதிரே செம்மஞ்சள் மேகம் எரிகிறதா என்று பாருங்கள். அந்த மேகம் இணையப் பக்கங்களுக்கு உரியது. நோட்டுகள் கதைக்கும் போர்ட்டை அது கடத்தாது. சாம்பல் நிறத்துக்கு மாற்றுங்கள்.

சரியான முகவரி வந்தும் இணைப்பு இல்லை என்றால் போர்ட் மூடியிருக்கிறது. இங்கே ஒரு சின்னச் சிக்கல்: சிங்கப்பூரிலோ மும்பையிலோ வாடகைக்கு எடுத்த சேவையகத்தில் இரண்டு தடுப்புச் சுவர்கள் இருக்கும். ஒன்று இயந்திரத்துக்குள், மற்றது வாடகைக்குத் தந்தவரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில். உள்ளே இருப்பதைத் திறந்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

கொன்ஃபிக் கோப்பில் கனெக்ட் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருவர் தன் கோப்பை இன்னொருவருக்கு அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றும். கனெக்ட் போட்டால் நோட் அந்த ஒரு முகவரியோடு மட்டும்தான் கதைக்கும். டிஎன்எஸ் சீட்டையும் கேட்காது, உள்ளே வருபவரையும் எடுக்காது. வேண்டியது ஆட்நோட், அது முகவரியைக் கூடுதலாகச் சேர்க்கும், மற்றவற்றைத் தடுக்காது.

இப்போது யாரும் எளிதில் கண்டுபிடிக்காத ஒன்று. சீட் நோட் மூன்று வைத்திருக்கிறீர்கள், மூன்றும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் புதிய நோட் ஒன்றோடு மட்டும்தான் சேருகிறது. மூன்று சேவையகத்தின் முகவரிகளையும் பாருங்கள். முதல் இரண்டு எண்கள் ஒரே மாதிரியா? அப்படியென்றால் மூன்றையும் ஒரே இடத்தில் வாங்கியிருக்கிறீர்கள். தாக்குபவர் ஒருவர் ஒரே இடத்தில் நூறு இயந்திரம் வாடகைக்கு எடுத்து உங்களைச் சுற்றிவளைக்கக் கூடாது என்பதற்காக, பிட்காயின் கோர் தானாகத் தேடிப் போகும் இணைப்புகளில் முதல் இரண்டு எண்கள் ஒத்துப்போகும் முகவரிகளில் ஒன்றை மட்டுமே எடுக்கும். பெரிய வலைக்கு இது நல்ல காவல். சின்ன வலையில் இதுவே பட்டினி போடும். ஒரு சீட்டை ஒரு நிறுவனத்திடமும் இன்னொன்றை வேறு நாட்டில் வேறு நிறுவனத்திடமும் வையுங்கள். மாதம் சில டொலர் கூடினாலும் பரவாயில்லை.

இனி மற்றப் பக்கம். வெளியே போகிறது, உள்ளே ஒருவரும் வருவதில்லை. உவர்மலையிலோ லிங்கநகரிலோ வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் நோட் இருந்தால் இது சாதாரணம். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வெளிமுகவரி என்று காட்டுவதைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்களுக்கென்று பொது முகவரியே இல்லை. ஒரு பொது முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். ரவுட்டரில் போர்ட் ஃபோர்வர்டிங் எவ்வளவு செய்தாலும் பலன் இராது. 4ஜி ரவுட்டர்களில் இது கூடுதலாக நடக்கும். நிலையான பொது முகவரியைக் காசு கட்டி வாங்கலாம், அல்லது டோர் என்ற அநாமதேய வலை வழியாக ஒனியன் முகவரி ஒன்றை எடுக்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால் வீட்டு நோட்டை அப்படியே விடுங்கள். அது வலையில் பங்கெடுக்கும், பிளாக்கைச் சரிபார்க்கும். சீட்டாக மட்டும் அதை அறிவிக்காதீர்கள்.

"பியர் வருது, உடனே போயிடுது"

நோட் நடந்ததை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து கடைசி ஐம்பது வரியை வாசியுங்கள். மெசேஜ் ஸ்டார்ட் பிழை என்று இருந்தால், இரண்டு நோட்டின் வலை அடையாளமான அந்த நான்கு பைட்டும் ஒத்துப்போகவில்லை. யாரோ பழைய பதிப்பை ஓட்டுகிறார்கள். சொந்த சிக்னெட்டில் இந்த நான்கு பைட்டும் சேலஞ்சிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே சேலஞ்சைப் பிரதி பண்ணும்போது ஒரு எழுத்து விட்டுப்போனாலும் இதே அறிகுறிதான் வரும்.

இதற்கு நேர் எதிரானது இன்னும் மோசம். மூலநிரலில் பிட்காயினின் நான்கு பைட்டையும் 8333 என்ற போர்ட்டையும் மாற்றாமலே விட்டிருப்பார்கள். அப்போது உங்கள் நோட் உண்மையான பிட்காயின் நோட்டுகளோடு கைகுலுக்கும், அவர்களுடைய பிளாக்குகளின் தலைப்புகளை (ஒவ்வொரு பிளாக்கின் சிறு முன்பகுதியை) வாங்கும், ஒன்றும் பொருந்தாமல் பிரியும். பியர் எண்ணிக்கை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் எல்லாம் நடக்கிறது என்று தோன்றும். கெட்பியர்இன்ஃபோவில் வரும் முகவரிகளில் உங்களுக்குத் தெரியாத ஜெர்மனியும் அமெரிக்காவுமாக இருந்தால் இதுதான் காரணம்.

நாளுக்கு நாலைந்து தடவை மட்டும் விட்டு விட்டுப் போகிறது என்றால் மென்பொருளை விடுங்கள், வயரைப் பாருங்கள். உப்புவெளியில், நிலாவெளியில், கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று லேன் வயரின் முனையை ஒரு மழைக்காலத்திலேயே தின்றுவிடும். முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். எட்டு உலோகக் கீற்றுகளில் ஒன்றிரண்டு பச்சை பிடித்து மங்கியிருக்கும். துடைத்துப் போட்டால் இரண்டு நாள் ஓடும், பிறகு பழையபடிதான். முனையை வெட்டிப் புதியது அடியுங்கள். ஒரு விஷயம்: பதில் வராத பியரை நோட் 20 நிமிடம் வரை பட்டியலில் வைத்திருக்கும். ஆகவே எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாமல், கடைசியாக எப்போது தரவு வந்தது என்ற வரியைப் பாருங்கள்.

"பியர் இருக்கு, மைன் பண்ண விடுதில்ல"

மைனர் மென்பொருள், அடுத்த பிளாக்குக்கான வரைவைத் தரும் கெட்பிளாக்டெம்பிளேட் கேட்கும்போது, நோட் "ஆரம்ப ஒத்திசைவில் இருக்கிறேன், பிளாக்குக்காகக் காத்திருக்கிறேன்" என்ற பொருளில் பிழை தரும். யாருக்காகக் காத்திருக்கிறது? இந்தச் செயினில் அடுத்த பிளாக்கைச் செய்ய வேண்டியவரே நீங்கள்தானே. கெட்பிளாக்செயின்இன்ஃபோவில் இனிஷியல்பிளாக்டவுன்லோட் என்ற வரி ட்ரூ என்று இருக்கும். இதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது மினிமம்செயின்வொர்க். நேர்மையான செயினில் குறைந்தது இவ்வளவு மைனிங் வேலை சேர்ந்திருக்க வேண்டும் என்று பிட்காயின் கோரில் ஒரு பென்னாம்பெரிய எண் எழுதப்பட்டிருக்கிறது. பிட்காயினின் பல வருட மைனிங்கைக் கூட்டி வந்த எண் அது. அதை மாற்றாமல் பிரதி எடுத்தால் உங்கள் செயின் எத்தனை வருடம் ஓடினாலும் அந்த எண்ணை எட்டாது. நோட் தன்னைச் சிறுபிள்ளை என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அது மட்டுமில்லை, புதிதாக வந்தவர் தலைப்புகளைக் கேட்டாலும், "என்னிடம் வேலை போதாது" என்று வெறும் பதில் அனுப்பும். பியர் இருக்கிறது, பிளாக் வருவதில்லை என்பதற்கும் இதுவே காரணம். கொம்பைல் பண்ணாமல் சோதிக்க, மினிமம்செயின்வொர்க் என்ற தெரிவுக்குச் சைபர் கொடுத்து நோட்டைத் தொடங்குங்கள். பிரச்சினை தீர்ந்தால் செயின் அளவுருக் கோப்பிலும் அதைச் சைபராக்கிப் புதிய பதிப்பை வெளியிடுங்கள். பக்கத்திலேயே அசியூம்வாலிட் என்ற இன்னொரு பிட்காயின் மிச்சமும் இருக்கும், அதையும் வெறுமையாக்குங்கள்.

இரண்டாவது காரணத்துக்குத் தனித் தலைப்பு வேண்டும்.

"கரண்ட் வந்தாப் பிறகு ஒரு பிளாக்கும் வரேல்ல"

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுவதும் கரண்ட் போனது. திருகோணமலையில் இரண்டு நோட், மட்டக்களப்பில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று என்று பரப்பி வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு அந்த நாள் நல்ல பாடம். மின்வலை ஒன்றுதான். ஊர் ஊராகப் பிரித்தாலும் எல்லாம் ஒரே நேரத்தில் படுக்கும்.

கரண்ட் திரும்பி வந்தாலும் வீட்டுக் கணினிகள் தானாக எழும்பாது. யாராவது பொத்தானை அமத்த வேண்டும். ஞாயிறு போய், திங்கள் வேலைக்குப் போய், பின்னேரம் வந்து எழுப்பினால், கடைசிப் பிளாக்குக்கு 24 மணித்தியாலத்துக்கு மேல் வயதாகிவிடும். அங்கேதான் பொறி. தொடங்கும்போது கடைசிப் பிளாக் 24 மணித்தியாலத்துக்கு மேல் பழையது என்றால், நோட் தான் பின்தங்கிவிட்டதாக முடிவு கட்டி ஆரம்ப ஒத்திசைவு நிலைக்குப் போய்விடும். மைனருக்கு வேலை கொடுக்காது, புதிய பரிவர்த்தனைகளையும் வாங்காது. எல்லா நோட்டும் இதே நிலையில் எழும்பினால், ஒவ்வொன்றும் மற்றது பிளாக் கொண்டுவரும் என்று பார்த்துக்கொண்டு நிற்கும். ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள். பியர் எண்ணிக்கை, செயின் உயரம், பதிவுக் கோப்பு எதிலும் பிழை தெரியாது. வலை மட்டும் நின்றிருக்கும்.

விடுவிக்க ஒரு நோட் காணும். மேக்ஸ்டிப்ஏஜ் என்ற தெரிவுக்கு ஒரு பெரிய எண்ணைக் கொடுத்து அதைத் தொடங்குங்கள். அளவு செக்கனில், வழக்கமாக 86400. அந்த நோட் உடனே மைனருக்கு வேலை கொடுக்கும். புதிய பிளாக் ஒன்று வந்ததும் மற்ற நோட்டுகள் தாமாகவே அந்த நிலையிலிருந்து வெளியே வரும். ஒரு தடவை வெளியே வந்த நோட், மறுபடி நிறுத்தித் தொடங்கும் வரை உள்ளே போகாது.

இனி நடக்காமல் இருக்க: பயோஸில் கரண்ட் திரும்பியதும் தானே எழும்பும் அமைப்பைப் போட்டு வையுங்கள். குறைந்தது ஒரு சீட்டையும் ஒரு மைனரையும் நாட்டுக்கு வெளியே வையுங்கள். யூபிஎஸ் வாங்குபவர்கள் கணினிக்கு மட்டும் கொடுக்கிறார்கள். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் இருட்டில் கிடந்தால் கணினி ஓடி என்ன பிரயோசனம்? வாடைக்காற்று தொடங்கும் ஒக்டோபருக்கு முன்னால் இதையெல்லாம் ஒருக்கா சரிபாருங்கள்.

"என் பிளாக்கை வெளிய ஒருத்தரும் எடுக்கிறாங்க இல்ல"

உங்கள் நோட்டில் பிளாக் ஏறுகிறது, பக்கத்துக் கணினியும் எடுக்கிறது, சிங்கப்பூரில் இருக்கும் சேவையகம் மட்டும் மாட்டேன் என்கிறது. அந்தச் சேவையகத்தின் பதிவுக் கோப்பில் டைம்-டூ-நியூ என்று வந்தால், பிழை மணிக்கூட்டில். தன் நேரத்தைவிட இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் முன்னால் போன நேரத்தைக் காட்டும் பிளாக்கை எந்த நோட்டும் எடுக்காது.

எவ்வளவு முந்தியிருக்கிறது என்று பாருங்கள். ஐந்தரை மணித்தியாலம் என்றால் விசாரணை முடிந்தது. அது நம் நாட்டு நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். கணினியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். விண்டோஸ், மதர்போர்டின் மணிக்கூட்டில் இலங்கை நேரத்தை எழுதிவிட்டுப் போகும். லினக்ஸ் அதை உலக நேரம் என்று வாசித்து, மேலே ஐந்தரையைக் கூட்டிக் காட்டும். இணையம் இருந்தால் நேரச் சேவை கொஞ்ச நேரத்தில் திருத்திவிடும். மின்வெட்டுக்குப் பிறகு கணினி எழும்பி ரவுட்டர் இன்னும் எழும்பாத இடைவெளியில் மைனர் தொடங்கினால்தான் சனியன் பிடிக்கும்.

கணினி ஆய்வுகூடங்களில் இது வேடிக்கையாகக்கூட இருக்கும். வரிசையில் உள்ள எல்லா இயந்திரமும் ஒரே மாதிரி இரட்டை அமைப்பு என்பதால் எல்லாம் ஐந்தரை மணித்தியாலம் முந்தி நிற்கும், தங்களுக்குள் அழகாக ஒத்துப்போகும். மாணவர்கள் சிங்கப்பூர் நோட்தான் பழுது என்று அடித்துச் சொல்வார்கள். பெரும்பான்மை அவர்கள் பக்கம், நேரம் மட்டும் மற்றப் பக்கம்.

டைம்டேட்சிடிஎல் கட்டளை, ஆர்டிசி (மதர்போர்டின் மணிக்கூடு) எந்த நேரத்தில் இருக்கிறது என்று சொல்லும். லினக்ஸ் பக்கத்தில் செட்-லோக்கல்-ஆர்டிசி என்பதற்கு 0 கொடுங்கள். விண்டோஸ் பக்கத்தில் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் என்ற பெயருக்கு 1 கொடுங்கள். அப்புறம், நேரச் சேவை சரியாகும் வரை நோட் தொடங்கக் கூடாது என்று சேவைக் கோப்பிலும் எழுதி வைத்தால் நல்லது.

மணிக்கூடு பின்னால் போனால் அறிகுறி தலைகீழாகும்: வெளியிலிருந்து வரும் எல்லாப் பிளாக்கும் எதிர்காலத்துப் பிளாக்காகத் தெரிந்து உங்கள் நோட் ஒன்றையும் எடுக்காது. பழைய மதர்போர்டில் சில்லறைக் காசு அளவுள்ள சிஆர்2032 பற்றரி செத்திருக்கும். மாற்றுங்கள்.

"பத்து நிமிசத்துக்கு ஒண்டு வந்தது, இப்ப மணித்தியாலக் கணக்கா வரேல்ல"

மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால், கெட்மைனிங்இன்ஃபோவில் டிஃபிகல்ட்டியை, அதாவது பிளாக் செய்வது எவ்வளவு கடினம் என்பதை, பாருங்கள். யாரோ பெரிய இயந்திரத்தோடு வந்து, மைன் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடினம் 2016 பிளாக்குக்கு ஒரு தடவைதான் மாறும், ஒரு தடவையில் நாலு மடங்குக்கு மேல் மாறாது. நாலு மடங்கு ஏறிய உடனே அவர் போய்விட்டால், 14 நாளில் முடிய வேண்டிய 2016 பிளாக்குக்கு 56 நாள் எடுக்கும். அதுவும் மிச்சமிருப்பவர்கள் பொறுமையாக இருந்தால். இதைக் கண்டு இன்னும் இரண்டு பேர் மைனிங்கை நிறுத்தினால் அதுவும் நீளும்.

பிட்காயின் கேஷ் என்ற நாணயம் 2017 ஓகஸ்டில் பிட்காயினிலிருந்து பிரிந்தபோது இதே பயத்தில் அவசரச் சரிவு விதி ஒன்றோடு வந்தது. அந்த விதியையே வைத்து மைனர்கள் வந்து போய் விளையாட, அதே ஆண்டு நவம்பரில் அதைக் கைவிட்டார்கள். 2020 நவம்பரிலிருந்து அங்கே ஒவ்வொரு பிளாக்குக்கும் கடினத்தைச் சரிசெய்யும் ஆஸெர்ட் என்ற முறை ஓடுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளிலிருந்தே அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு விதியை மாற்றி எல்லோரையும் புதிய பதிப்புக்கு வரச் சொல்வதுதான் நடைமுறையில் வழி. சின்ன வலையில் எல்லோருக்கும் கோல் எடுத்துச் சொல்லலாம், அது ஒரு வசதி. என்னைக் கேட்டால், பிட்காயினின் அதே ஷா-256 மைனிங்கை வைத்துக்கொண்டு திறந்த வலை நடத்துவதே வேண்டாத வேலை. உலகில் எவரிடமாவது இருக்கும் ஒரேயொரு பழைய இயந்திரம் உங்கள் வலை முழுவதையும்விடப் பலமாக இருக்கும்.

"எக்ஸ்புளோரர் ஒண்டு சொல்லுது, என் நோட் வேற சொல்லுது"

இரண்டிலும் ஒரே உயரத்துக்குரிய பிளாக் ஹாஷை (பிளாக்கின் தனி அடையாள எண்ணை) எடுத்து ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் எக்ஸ்புளோரர் பின்தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வேறாக இருந்தால் கெட்செயின்டிப்ஸ் கொடுங்கள். வேலிட்-ஃபோர்க் என்று ஒரு கிளை காட்டினால், கடலடியிலோ தரையிலோ எங்கோ இணைப்பு அறுந்திருந்த நேரத்தில் இரண்டு பக்கமும் தனித்தனியாக மைன் பண்ணியிருக்கிறார்கள். கூடிய வேலை உள்ள கிளை வெல்லும், மற்றதில் எடுத்த காசு போகும். அழ வேண்டாம். இன்வேலிட் என்று காட்டினால் இரண்டு பக்கமும் வேறு வேறு பதிப்பு ஓட்டுகிறார்கள். பதிப்பை ஒன்றாக்கிவிட்டு, ஒதுக்கிய பிளாக்கை மறுபடி சரிபார்க்க ரீகன்சிடர்பிளாக் கொடுங்கள்.

"ஃபோசெட் கொஞ்சப் பேருக்குத் தந்தது, பிறகு நிண்டுட்டுது"

பயிற்சி வகுப்பு நாட்களில் வரும் கோல் இது. இதில் நான்கு வேறு பிழைகள் ஒன்றின் பின் ஒன்றாக ஒளிந்திருக்கும்.

ஒருவருக்குமே தரவில்லை, கட்டண மதிப்பீடு தோல்வி என்று சொல்கிறது: புதிய வலையில் பரிவர்த்தனைகள் குறைவு, கட்டணத்தைக் கணிக்க நோட்டுக்குத் தரவு போதாது. கொன்ஃபிக் கோப்பில் ஃபால்பேக்ஃபீ என்று ஒரு சிறு தொகையைப் போடுங்கள்.

முதலாவது ஆளுக்கு மட்டும் தந்து, மற்றவர்களுக்கு "நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள்" என்கிறது: ஃபோசெட் ஓர் இணைய முகவரிக்கு ஒரு தடவை என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறது. வகுப்பில் உள்ள எல்லோரும் ஒரே ரவுட்டரால் போகிறார்கள், வெளியே ஒரே முகவரி. நகரசபை மண்டபத்தில் ஒரு ரவுட்டரின் கீழே நாற்பது பேர் இருந்தாலும் ஃபோசெட்டின் கண்ணில் ஒரு ஆள்தான். வகுப்பு நாளுக்கு ஒரு கடவுச்சொல் வைத்து, அதைத் தருபவருக்கு இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள்.

சரியாக 25 பேருக்குத் தந்து 26ஆவது ஆளில் நிற்கிறது: ஃபோசெட்டின் வாலட்டில் (பணப்பையில்) இருப்பது ஒரே ஒரு பெரிய காசு. முதலாவது ஆளுக்குக் கொடுத்ததும் மிச்சம் திரும்பி வரும், அந்த மிச்சத்தை உடைத்து அடுத்தவருக்கு, அதன் மிச்சத்தை அடுத்தவருக்கு. எதுவும் இன்னும் பிளாக்கில் ஏறவில்லை. உறுதியாகாத பரிவர்த்தனைகள் இப்படிச் சங்கிலியாகத் தொங்குவதற்குப் பிட்காயின் கோர் நெடுங்காலமாக வைத்திருந்த எல்லை 25. பதிவுக் கோப்பில் டூ-லாங்-மெம்பூல்-செயின் என்று இருக்கும். அடுத்த பிளாக் வந்தால் தானாகத் தீரும், ஆனால் வகுப்பில் பத்து நிமிடம் சும்மா இருப்பது பெரிய நீளம். முதல் நாளே அந்தப் பெரிய காசை ஒரே பரிவர்த்தனையில் நூறு துண்டாக உடைத்து வையுங்கள். அல்லது வரும் வேண்டுகோள்களை நிமிடத்துக்கு ஒரு தடவை சேர்த்து, சென்ட்மெனி கட்டளையால் ஒரே பரிவர்த்தனையாக அனுப்புங்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. இடமும் மிச்சம்.

வாலட்டில் காசு இருக்கிறது, ஆனால் செலவழிக்க விடவில்லை: புதிதாக மைன் பண்ணிய காசு 100 பிளாக் கடந்தால்தான் முதிரும். பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்றால் அது 16 மணித்தியாலம் 40 நிமிடம். காலை 9 மணி வகுப்புக்கு முதல் நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு மைன் பண்ணத் தொடங்கினால் பிந்திப்போகும். ஒரு நாள் முன்னதாகவே எடுத்து வையுங்கள்.

ஃபோசெட் காசை யாராவது ரூபாய்க்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். மத்திய வங்கி 2018 முதல் மெய்நிகர் நாணயங்கள் பற்றிப் பலமுறை பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. வங்கி அட்டையால் அவற்றை வாங்குவதற்கும் அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. விலை பேசிய நிமிடத்தில் உங்கள் பயிற்சி வலை வேறு விஷயமாகிவிடும்.

"எக்ஸ்புளோரர் எழும்பவே இல்ல"

முதல் பிளாக்கிலேயே விழுந்தால், அது ஜெனிசிஸ் பிளாக்கின் பரிவர்த்தனையைக் கேட்டிருக்கிறது. அதை நோட் தராது. பிட்காயினிலும் தராது, அந்தக் காசைச் செலவழிக்கவும் முடியாது. எக்ஸ்புளோரரை உயரம் 1இலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். சில பரிவர்த்தனைகள் மட்டும் கிடைக்கவில்லை என்றால் நோட்டில் எல்லாப் பரிவர்த்தனைகளுக்கும் அட்டவணை வைக்கும் டிஎக்ஸ்இன்டெக்ஸ் போடவில்லை. அதைப் போட வேண்டுமென்றால் பழைய பிளாக்குகளை அழிக்கும் ப்ரூன் தெரிவை நீக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து ஓடாது. நேற்று வரை ஓடி இன்று நின்றது என்றால் வட்டு நிரம்பியிருக்கும். மலிவுச் சேவையகத்தில் செயினைவிடப் பதிவுக் கோப்பே பெரிதாக வளர்ந்திருப்பதையும் காணலாம். உலாவி பூட்டு அடையாளத்தைப் பற்றிக் கத்தினால் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் 90 நாள் முடிந்திருக்கும்.

எக்ஸ்புளோரரை வேறு இயந்திரத்தில் வைப்பவர்கள் அவசரத்தில் நோட்டுக்குக் கட்டளை அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் ஆர்பிசிஅலவ்ஐபி என்ற வரியில் முழு உலகத்துக்கும் அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் போர்ட்டின் வழியாக வாலட்டையும் இயக்கலாம், போர்ட்டுகளைத் தேடித் திரியும் நிரல்களோ இரவு பகல் உறங்குவதில்லை. எக்ஸ்புளோரர் இயந்திரத்தின் முகவரியை மட்டும் அனுமதியுங்கள், இரண்டுக்கும் இடையே வயர்கார்ட் என்ற மறைகுறியாக்கிய குழாய் ஒன்று போடுங்கள், அந்த நோட்டில் வாலட்டையே அணைத்து வையுங்கள்.